வெட்ஜ் தலையணையும் ஏர் பெட்டும்: படுக்கையில் இருக்கும் அம்மாவோடு 11 மாதம்

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்காக இந்த 11 மாதத்தில் வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் நான் பயன்படுத்திய பொருட்கள் ஆறு. மோட்டார் காற்றடைக்கும் மெத்தையான ஏர் பெட், ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரியும் ஆப்பு வடிவில் நுரையில் செய்த வெட்ஜ் தலையணை ஒரு ஜோடி, வழுக்கு விரிப்பு, காற்றடைத்த வளையம், குதிகாலுக்கு மாட்டும் பஞ்சு உறை, தலைப்பக்கமும் கால்பக்கமும் ஏற்றி இறக்கும் கட்டில். இவற்றில் அதிகம் விசாரித்து, அதிகம் செலவழித்து வாங்கியது ஏர் பெட். அம்மாவின் முதுகைக் காப்பாற்றியது வெட்ஜ் தலையணை. அந்தத் தலையணையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஏர் பெட்டை நம்பி நான் செய்த தவறைச் சொல்லாமல் தலையணையின் அருமையைச் சொல்ல முடியாது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது, 62 கிலோ எடை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்ததால் வலது கையும் வலது காலும் வராமல் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. பேச்சு போனது படுக்க வைக்கும் விஷயத்தில் எவ்வளவு பெரிய சங்கதி என்று எனக்கு முதலில் உறைக்கவில்லை. நமக்கு ஒரு பக்கம் மரத்துப்போனால் நாமே அசைந்துகொள்வோம். தூக்கத்தில்கூட உடம்பு தானாகப் புரண்டுவிடும். அம்மாவால் புரளவும் முடியாது, "வலிக்குது, திருப்பிப் போடு" என்று கேட்கவும் முடியாது. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார், அவ்வளவுதான். அந்தத் தட்டலுக்குத் தாகம் என்றும் அர்த்தம் உண்டு, வலி என்றும் அர்த்தம் உண்டு.

மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்த அன்றே ஏர் பெட் வந்துவிட்டது. கொண்டுவந்து மாட்டிய பையன், "இதைப் போட்டுட்டீங்கன்னா பெட் சோர் வரவே வராதுக்கா. திருப்பிப் போடுற வேலையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் நம்பினேன். நம்ப வேண்டும் என்று மனசும் விரும்பியது. மூக்கில் ஒரு டியூப், கீழே யூரின் டியூப், தொங்கும் வலது தோள். அம்மாவைத் தொட்டுத் திருப்பவே பயந்து கிடந்த எனக்கு அந்த வார்த்தை பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை உடம்பு துடைக்கும்போது முதுகெலும்பு முடியும் இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் உரிந்து, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. முந்தைய நாளே அங்கே கருமை கூடியிருந்ததைப் பார்த்திருந்தேன். டயப்பர் அழுத்திய தடம் என்று விட்டுவிட்டேன். மருத்துவர் வந்து பார்த்து, இரண்டாம் நிலைப் படுக்கைப்புண் (பெட் சோர்) என்றார். மேல்தோல் போய்விட்டது, ஆழமாக இறங்கவில்லை. மருந்து கட்டுவதற்கு வீட்டுக்கே வரும் ஒரு நர்ஸை அவரே ஏற்பாடு செய்தார். 30 வருடத்துக்கு மேல் வார்டில் இருந்தவர். நான் சிஸ்டர் என்று கூப்பிடுவேன், அவர் என்னை வாம்மா போம்மா என்பார்.

சிஸ்டர் வந்ததும் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டைத்தான் பார்த்தார். அம்மாவின் இடுப்புக்கு நேராக, காற்றுக் குழாய்களுக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கையை நுழைத்தார். எடுத்துவிட்டு, "நீயே கையை விட்டுப் பாரும்மா" என்றார். விட்டேன். என் விரல்களின் மேல் அம்மாவின் எலும்பு உட்கார்ந்திருந்தது. கைக்கும் உடம்புக்கும் நடுவில் குறைந்தது ஓர் அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். அங்கே இருந்தது வெறும் ரப்பர்தான். ஒன்பது நாளாக அம்மா மெத்தையில் படுத்திருக்கவில்லை. மெத்தையைத் தாண்டிக் கட்டில் பலகையில் படுத்திருந்தார்.

காரணம் மூன்று. மோட்டாரில் நோயாளியின் எடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டிய திருகு கடைசிக் குறைவில் இருந்தது. கால்மாட்டில் தொங்கவிட்ட மோட்டாரிலிருந்து வரும் குழாய்களில் ஒன்று கட்டில் சட்டத்தில் நசுங்கி மடங்கியிருந்தது. மூன்றாவது முழுக்க என் கைவேலை: பெட் நனைந்துவிடுமே என்று ஒரு ரப்பர் விரிப்பு, அதன்மேல் நாலாக மடித்த போர்வை, அதன்மேல் பெட்ஷீட், அதற்கும் மேல் உறிஞ்சும் பேட். "இவ்வளவு கனமா அடுக்கினா காத்து என்ன செய்யும்? ஒரு ஷீட்டு, ஒரு பேடு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்று எல்லாவற்றையும் உருவி எடுத்தார். ரப்பர் விரிப்பு வியர்வையைத் தேக்கும். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு அந்த ஏர் பெட் மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். குறுக்கே கிடக்கும் காற்றுக் குழாய்கள் ஒன்று விட்டு ஒன்று உப்பும், வாடும். என்னிடம் இருப்பதில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். அதனால் ஒரே இடத்தில் அழுத்தம் நிலைத்து நிற்பதில்லை. குமிழ் குமிழாக இருக்கும் மலிவான வகையும் உண்டு. கனமான ஆளுக்கு அது தாங்காது என்பார் சிஸ்டர். என்னுடையது குழாய் வகை. ஒரு குழாய் ஓட்டை விழுந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஐந்தாம் மாதம் ஒன்று போனது, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். எல்லாக் குழாய்களையும் ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. உடம்பு துடைக்கும்போதும் டயப்பர் மாற்றும்போதும் அதை அழுத்திக்கொண்டால் பெட் ஆடாது. முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும். தலைமாட்டில் காற்றை ஒரே இழுப்பில் வெளியேற்றும் அடைப்பான் இருக்கிறது. நெஞ்சை அழுத்தி உயிர் காக்க வேண்டிய நேரம் வந்தால் காற்று மெத்தைமேல் அழுத்தினால் பலிக்காது என்பதற்காக அது. அதை எப்படித் திறப்பது என்று வாங்கிய அன்றே பார்த்து வையுங்கள். மாட்டிக் கொடுத்தவர் எனக்கு அதைச் சொல்லவில்லை.

அதில் எனக்கு உண்மையான குறை இரண்டு. முதலாவது, பழைய மெத்தைமேல் இதையும் போட்டால் படுக்கை உயர்ந்துவிடுகிறது, பக்கத் தடுப்பு அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. அம்மா இடது கையால் எட்டி எதையாவது எடுக்கப் பார்த்தால் உருண்டு விழும் உயரம். இரண்டாவது, ஓரம் உறுதியில்லை. ஓரத்தில் எடை விழுந்தால் குழாய் அமுங்கி ஆளை வெளியே தள்ளுகிறது. பெட்டியின் மேல் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. 5-க்கு 3 கொடுப்பேன்.

சிஸ்டர் அன்றைக்குச் சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் இதை வாங்கப் போகிற எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். "பெட்டு அழுத்தத்தைத்தான் மாத்தும்மா, ஆளைத் திருப்பாது. திருப்ப வேண்டியது நீ."

இனி வெட்ஜ் தலையணை.

முதல் வாரம் வீட்டிலிருந்த பஞ்சுத் தலையணைகளை வைத்துத்தான் சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையைச் சொருகி, ஒருக்களித்தாற்போல் வைத்துவிட்டு வருவேன். அரைமணி கழித்துப் போனால் தலையணை தட்டையாகி, அம்மா மறுபடி மல்லாந்து, புண்ணின் மேலேயே படுத்திருப்பார். இன்னும் கொஞ்சம் திணித்தால் உடம்பு முழுவதும் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதுவும் கூடாது என்று சிஸ்டர் காட்டினார். என் கையைப் பிடித்து அம்மாவின் இடுப்பின் பக்கவாட்டில், தொடை எலும்பின் மேல்முனை துருத்தி நிற்கும் இடத்தில் வைத்தார். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நேராக 90 டிகிரியில் பக்கவாட்டில் படுக்க வைத்தால் மொத்த எடையும் அந்த முனையில் இறங்கும். மல்லாக்கப் போட்டால் முதுகெலும்பின் அடிமுனையில் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் பிட்டத்தின் சதை இருக்கிறது. 30 டிகிரி சாய்த்தால் எடை அந்தச் சதையில் போய் உட்காரும். எலும்பு முனை இரண்டும் தப்பிக்கும். அந்த 30 டிகிரியை மணிக்கணக்கில் தளராமல் பிடித்து நிற்பதற்குத்தான் வெட்ஜ்.

நான் வாங்கியது ஒவ்வொன்றும் என் முன்கை நீளம் இருக்கும் இரண்டு துண்டுகள். கெட்டியான நுரை, நீர் புகாத மெல்லிய துணியுறை, ஜிப். பிரித்ததும் சிஸ்டர் முஷ்டியால் ஓங்கி அமுக்கிப் பார்த்தார். "இறங்குது, ஆனா அடியைத் தொடல. இது போதும்." கடையில் பார்க்கும்போது அழகாக 30 டிகிரி காட்டும் மென்மையான நுரை, 62 கிலோ ஏறியதும் பாதியாகிவிடும். நான் செல்போனில் இருக்கும் சாய்மானம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். வெறும் வெட்ஜின்மேல் 30 காட்டியது. அம்மாவைச் சாய்த்தபின், இரண்டு இடுப்பெலும்புகளின் முன்முனைகளுக்குக் குறுக்காகப் போனை வைத்தால் 26. இரண்டு மணிநேரம் கழித்தும் 25. பஞ்சுத் தலையணையில் இதே சோதனை செய்தபோது அரைமணியில் 11-க்கு வந்துவிட்டது. அப்போதுதான் அந்த ஒரு வாரம் நான் செய்ததெல்லாம் ஏன் பலிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

வைக்கும் விதம்தான் இந்தப் பொருளின் உயிர். அதை விற்பவர் யாரும் சொல்வதில்லை. அம்மாவை இடப்பக்கம் சாய்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டிலின் சக்கரப் பூட்டுகளைப் பார்ப்பேன். யூரின் டியூப் எந்தப் பக்கம் போகிறது, இழுபடுமா என்று பார்ப்பேன். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே தொங்க வேண்டும். திருப்பும்போது தூக்கி வயிற்றின்மேல் வைத்துவிடக் கூடாது, பையில் இருப்பது திரும்பி உள்ளே போகும். அடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் திருப்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று வரை எண்ணுவேன். புரிகிறதோ இல்லையோ சொல்லியே தீர வேண்டும் என்பது சிஸ்டர் போட்ட விதி. சொல்லாமல் திருப்பினால் விழப்போகிறோம் என்று உடம்பு விறைத்துக்கொள்ளும். விறைத்த உடம்பு இரண்டு மடங்கு கனம்.

வலது முழங்காலை மடக்கி, வலது கையை நெஞ்சின்மேல் எடுத்து வைத்துவிட்டு, தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரே அசைவில் என் பக்கம் உருட்டுவேன். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதம் வந்த தோளின் தசை தளர்ந்து மூட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டு விலகும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். உருட்டிய நிலையில் தம்பி பின்னால் நின்று இரண்டு வெட்ஜையும் உடம்புக்குக் கீழே விரித்திருக்கும் குறுக்கு விரிப்பின் அடியில் சொருகுவான். ஒன்று தோளுக்கும் விலாவுக்கும் பின்னால், இன்னொன்று பிட்டத்துக்கும் தொடைக்கும் பின்னால். நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் முதுகெலும்பின் அடிமுனை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். சொருகியதும் கையை விட்டுப் பார்ப்பேன். விரல் தடையில்லாமல் போய்வர வேண்டும். ஒற்றை நீளத் தலையணையாக விற்கும் வெட்ஜில் இந்த இடைவெளிக்கு வழியில்லை. வாங்குவதானால் இரண்டு துண்டாக இருப்பதை வாங்குங்கள்.

பிறகு சின்னச் சின்ன வேலைகள். வலது கைக்கு நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணை, தோள்பட்டை எலும்பு பின்னால் சரிந்துவிடாமல் முன்னால் வரும்படி. வலது காலுக்கு முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரு தலையணை, இரண்டு முழங்கால்களும் இரண்டு கணுக்கால்களும் ஒன்றோடொன்று உரசாமல். காது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடங்கிய காதின்மேல் இரண்டு மணிநேரம் தலை இருந்தால் அங்கேயும் புண் வரும். கடைசியாக உடம்புக்கு அடியில் டியூப், மூடி, சுருங்கிய துணி எதுவும் சிக்கவில்லையே என்று ஒரு தடவல்.

வாதம் வந்த வலப்பக்கத்தின்மேல் படுக்க வைக்கக் கூடாது என்று ஆரம்பத்தில் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். படுக்க வைக்கலாம். வலது தோள் உடம்புக்கு அடியில் நசுங்காமல் முன்னால் எடுத்து வைத்துவிட வேண்டும், அந்தப் பக்கத்துத் தோலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் திரும்பும்போது அம்மாவின் நல்ல கையும் நல்ல காலும் மேலே வருகின்றன. அவரே இடது கையால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். 11 மாதத்தில் அவர் தானாகச் செய்யும் வேலைகளில் இது முதலாவது.

வெட்ஜில் குறை இல்லாமல் இல்லை. என்னுடையதன் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருந்ததால் ஏர் பெட்டின் நைலான் மேல்துணியில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. குறுக்கு விரிப்புக்கு அடியில் சொருகச் சொன்னது அதனால்தான். அம்மாவின் எடையே அதைப் பிடித்து நிறுத்துகிறது. அடியில் சொரசொரப்பான துணி வைத்துத் தைத்த வகை கிடைத்தால் அதை எடுங்கள். உறை ஒன்றுதான் கொடுத்தார்கள், துவைக்கும் நாளில் தவிக்க வேண்டியிருக்கிறது. ரெக்சின் உறை வேண்டவே வேண்டாம், தோல் ஒட்டி வேர்க்கிறது. எட்டாம் மாதத்தில் இடுப்புத் துண்டின் நுரை களைத்துவிட்டது. போனை வைத்தால் 19. இன்னொரு ஜோடி வாங்கினேன். களைத்துப்போனவை இப்போது கால்களுக்கு. இத்தனை சொன்ன பிறகும் 5-க்கு 5.

எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இரண்டு மணிக்கு ஒருமுறை என்பது பழைய வழக்கம். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்காக இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 1944-ல் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவில், இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புவதைக் கண்டிப்பாக வைத்திருந்தார்கள். படுக்கைப்புண்ணால் செத்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே பிழைத்தார்கள். 2013-ல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சிஸ்டர் சொன்னார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி என்று பிரித்துத் திருப்பிப் பார்த்தார்கள். கெட்டியான நல்ல நுரை மெத்தையில் மூன்று வாரம். மூன்று பிரிவுக்கும் புண் வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை நடத்தியவர் நான்சி பெர்க்ஸ்ட்ராம். 1987-ல் பார்பரா பிரேடனுடன் சேர்ந்து, யாருக்குப் புண் வரும் என்று மதிப்பிடும் அளவுகோலைக் கொடுத்தவரும் அவர்தான். உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், ஊட்டம், உராய்வு என்று ஆறு தலைப்பு. 23-க்கு மதிப்பெண், 18-ம் அதற்குக் கீழும் என்றால் கவனம். அம்மாவுக்குச் சிஸ்டர் போட்டது 11.

அந்த ஆய்வைக் கேட்டதும் நான், "அப்போ நாலு மணிக்கு ஒருமுறை போதுமா சிஸ்டர்?" என்றேன். அந்த நாட்களில் நான் தொடர்ந்து இரண்டு மணிநேரம்கூடத் தூங்கியதில்லை. "தோலைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். புண் ஆறும்வரை இரண்டு மணிக்கு ஒருமுறை. ஆறிய பிறகு இரவில் மட்டும் இரண்டரை. ஒரு வாரம் தோலில் எந்த மாற்றமும் இல்லை என்று நோட்டில் எழுதிக் காட்டிய பிறகு, மருத்துவரும் சம்மதித்து, மூன்று. பகலில் இன்றும் இரண்டுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் இது மாறும். திருப்பும்போதெல்லாம் தோலைப் பார்த்து எழுதி வைக்காத வீட்டில் இடைவெளியைக் கூட்டக் கூடாது.

தோலைப் பார்ப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் தவறவிட்டது அங்கேதான். சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலை. ஆனால் நிறம் கருத்த தோலில் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அம்மாவும் கருப்புதான். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருமையாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா, புறங்கையை வைத்தால் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, தொட்டால் கல் மாதிரியோ மாவு மாதிரியோ இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எட்டாம் நாள் நான் பார்த்த கருமை அதுதான். அன்று தொட்டுப் பார்த்திருந்தால் சூடு தெரிந்திருக்கும். இன்னொன்று, சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் பழக்கம். அடியில் நசுங்கிக் கிடக்கும் சதையை நீவினால் இன்னும் கிழியும். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் எனக்குச் செய்யச் சொன்னது அதைத்தான்.

வழுக்கு விரிப்புக்கு வருகிறேன். குழாய் போல் தைத்த மெல்லிய நைலான் துணி. உள்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். தலையை உயர்த்தி வைத்தால் அம்மா அரைமணிக்குள் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுவார். முன்பெல்லாம் நானும் தம்பியும் ஆளுக்கொரு தோளில் கைகொடுத்து மேலே இழுப்போம். அப்போது தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் முறுக்கிக் கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது. இந்த விரிப்பைப் பாதி சுருட்டி, அம்மாவை ஒருக்களித்து அடியில் தள்ளி, மறுபக்கம் உருட்டி விரித்துவிட்டால், பிறகு இரண்டு பேர் லேசாக நகர்த்தினாலே மேலே போய்விடுகிறார். தூக்கவே வேண்டாம். என் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது இதனால்தான். மீதிப் பாதி, கட்டிலை என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்து, முழங்காலை மடக்கி நின்று வேலை செய்யப் பழகியதால். வேலை முடிந்ததும் விரிப்பை உருவிவிட வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன், அம்மா கால்மாட்டுப் பலகையில் பாதம் முட்டும்வரை சரிந்து கிடந்தார். 5-க்கு 4.5.

கட்டிலை வாடகைக்கு எடுத்தேன். இதை ஃபவுலர் கட்டில் என்கிறார்கள். வயிற்றுக்குள் சீழ் கட்டியவர்களைத் தலை உயர்த்தி உட்கார்ந்த நிலையில் வைத்து, சீழ் கீழே வடியச் செய்த ஜார்ஜ் ஃபவுலர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயர். டியூப் வழியாக ஆகாரம் கொடுக்கும்போது தலை 30-லிருந்து 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் ஒரு மணிநேரம் அப்படியே. இல்லையென்றால் மேலே ஏறி நுரையீரலில் இறங்கும். ஆனால் தலையை 30-க்கு மேல் வைத்தால் உடம்பு சரிந்து முதுகெலும்பின் அடி உரசும். நுரையீரலும் முதுகும் எதிரெதிராக இழுக்கும் இந்த இடத்தில் எனக்கு உதவிய பழக்கம் இரண்டு. தலையை ஏற்றுவதற்கு முன் முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும், அது உடம்பைத் தடுத்து நிறுத்தும். ஏற்றியபின் அம்மாவை ஒரு கணம் முன்னால் சாய்த்து, முதுகை மெத்தையிலிருந்து பிரித்து, மறுபடி சாய்க்க வேண்டும். இழுபட்டு நின்ற தோல் விடுபடுகிறது. அம்மா அந்தக் கணத்தில் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். திருப்பும் நேரத்தை ஆகாரத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டதும் நல்லதாயிற்று. கட்டில் கைப்பிடிகள் கரகரவென்று சத்தம் போடுகின்றன, மற்றபடி குறையில்லை.

காற்றடைத்த வளையத்தை வாங்காதீர்கள். ஓட்டைக்கு நேராகப் புண் வந்தால் அழுத்தம் இருக்காது என்று தோன்றும். ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைத்து, நடுவில் இருக்கும் சதை வீங்குகிறது. சிஸ்டர் வந்த அன்றே எடுத்துப் போட்டார். குதிகால் உறை சுமார்தான். உராய்வைக் குறைக்கிறது, எடையைக் குறைப்பதில்லை. அதைவிடக் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை வைத்து, குதிகால் காற்றில் நிற்கும்படி விட்டால் போதும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், தலையணையின் விளிம்பு குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை அமுக்கக் கூடாது. அம்மாவின் கெண்டைக்காலுக்கு அந்தக் களைத்துப்போன பழைய வெட்ஜ் துண்டு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. கனமான போர்வையைப் பாதத்தின்மேல் இறுக்கிப் போடாதீர்கள், விரல்கள் கீழே மடங்கிப் பாதம் அப்படியே விழுந்துவிடும்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. அந்த இடத்தில் தோல் இப்போதும் கொஞ்சம் பளபளப்பாக, மெல்லியதாக இருக்கிறது. தினமும் இருமுறை தொட்டுப் பார்க்கிறேன். வேறு எங்கும் வரவில்லை.

வெட்ஜ் இரண்டையும் கட்டிலுக்கு அடியில்தான் வைக்கிறேன். வலப்பக்கம் திருப்பும் முறை வரும்போது அவற்றை வெளியே இழுக்கும் சத்தம் கேட்டதுமே, நான் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, அம்மா இடது முழங்காலை மடக்கிக்கொண்டு தடுப்புக் கம்பியைத் தேடுகிறார்.